கம்பியும் டவரும் கைவிட்ட நாளில்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில், இந்த வட்டாரத்தில் ஹாம் ரேடியோ வைத்திருக்கும் சிலர் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வந்து பேச வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் தயங்கினோம். நாங்கள் டாக்டர்களும் அல்ல, போதகர்களும் அல்ல. எங்களில் ஒருவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால் வீட்டில் எங்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது. "கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஒரு போன் போட நேரமில்லை, ஜப்பான்காரனிடம் அங்கே மழை உண்டா என்று விசாரிக்க நேரமிருக்கிறது" என்று எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். அது நியாயமான பேச்சுதான்.

ரேடியோ என்றதும் உங்களுக்குத் திருநெல்வேலி வானொலி நிலையம் ஞாபகத்துக்கு வரும். அது பேசும், நாம் கேட்போம். எங்களுடைய பெட்டி கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். அமெச்சூர் ரேடியோ என்பது இதன் முழுப்பெயர்; ஹாம் என்பது உலகம் முழுவதும் வழங்குகிற செல்லப்பெயர். இதற்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஒரு பரீட்சை வைக்கிறது. 12 வயது ஆனவர் யாரும் எழுதலாம். கொஞ்சம் மின்சாரப் பாடம், கொஞ்சம் சட்டதிட்டம். மேல்நிலை லைசென்ஸ் வேண்டுமானால் மோர்ஸ் தந்தி பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். தேறினால் வி.யு. என்று ஆரம்பிக்கிற ஒரு அழைப்புக் குறி கிடைக்கும். அது உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் இந்தப் பெட்டியை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. எல்லாம் கைக்காசுதான்.

நம் சென்னையில் ஒலிபரப்பு என்பதே இப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் கையில்தான் ஆரம்பமாயிற்று. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற இன்ஜினியர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பை நிறுவினார். அதே வருடம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பணம் போதாமல் 1927-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930-ல் மாநகராட்சி மறுபடி ஒலிபரப்பை ஆரம்பித்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள், ஜனங்கள் கூடி நின்று கேட்டார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. பணமில்லாமல் சங்கம் படுத்துவிடுவது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இனி, நாங்கள் உண்மையில் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். எங்களுடையது மானாவாரிப் பூமி. மழைக்காக வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்த ஊர்கள் இவை. அப்படிப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் வருடம் முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரை மீறி ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தார்கள். சாப்பாட்டை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து போட வேண்டியதாயிற்று.

கோவில்பட்டிப் பக்கம் அந்த அளவு அழிவு இல்லை என்றாலும், கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு மழை என்றால் என்னவென்று தெரியும். காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் களியாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். தார் ரோட்டை விட்டு இறங்கிய வண்டி இறங்கினதுதான். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஊர் தீவு மாதிரி.

அப்போது செல்போன் என்ன ஆயிற்று? டவர் என்பது தானாக நிற்கிற சமாச்சாரம் அல்ல. அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் கீழே வைத்திருக்கிற பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் லாரி வர வேண்டும். லாரி வர ரோடு வேண்டும். ரோட்டோரமாகப் புதைத்த கண்ணாடி இழைக் கேபிளும் ரோட்டோடு சேர்ந்து அறுந்து போகும். ஆக, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறவை. ஒன்று விழுந்தால் வரிசையாக விழும். பல ஊர்களில் அப்படித்தான் விழுந்தது.

எங்களில் ஒருவருடைய அக்கா ஏரல் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மூன்று நாள் அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே தம்பியின் மேஜைமேல் ஜப்பான் வரைக்கும் பேசக்கூடிய பெட்டி இருந்தது. ஏரலில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. நான்காம் நாள் யாரோ ஒரு பையன் மேட்டுப்பாங்கான இடத்துக்குப் போய் சிக்னல் பிடித்துச் சொன்ன பிறகுதான் எல்லோரும் உயிரோடிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

மற்றவர்கள் மட்டும் என்ன கிழித்தோம் என்று கேட்டால், அதையும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் வீட்டில் செட் இருந்தது, பேட்டரி இருந்தது, பேட்டரியில் சார்ஜ் இல்லை. இன்னொருவர் வீட்டில் வெள்ளையடிப்பதற்காக ஏரியல் கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தவர்கள், திரும்பக் கட்டவில்லை. மூன்றாமவருடைய செட் நன்றாக வேலை செய்தது. அவர் விடிய விடியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஆபத்துக் காலத்தில் எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்குக் கேட்பது என்று நாங்கள் முன்னதாகப் பேசி வைத்திருக்கவில்லை. அவர் ஒரு பக்கம் கூப்பிட, இன்னொருவர் வேறொரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு அன்று எங்களால் எட்டணா பிரயோஜனம் இல்லை. இதை இங்கே சொல்ல வெட்கமாக இருந்தாலும், இதைச் சொல்லாமல் உங்கள் முன் நிற்க எங்களுக்கு முகம் இல்லை.

ஆயத்தமாக இருந்தவர்களும் உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஒரு சிறு குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். போனது சேவைக்காக அல்ல. அந்தத் தீவுகளில் ஹாம் ரேடியோவுக்கு அனுமதி கிடைப்பது அப்போது வெகு அபூர்வமாக இருந்தது. அபூர்வமான இடத்தோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று உலகத்து ஹாம்கள் ஆசைப்படுவார்கள். தபால்தலை சேர்க்கிறவர்களுக்கு இருக்கிற பைத்தியம் போலத்தான். அந்த ஆசையைத் தீர்த்துவைக்க அவர் நாள்தோறும் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் உள்ளவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, கடல் வந்தது. போன் செத்தது. அவர் விளையாட்டை நிறுத்திவிட்டு, அதே பெட்டியை அவசரச் செய்திகளுக்குத் திருப்பினார். தீவுகளுக்கும் இந்தியக் கரைக்கும் இடையே நம்பி நிற்கக்கூடிய தொடர்புகளில் அந்தக் குழுவின் ரேடியோ முக்கியமானதாயிற்று. குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்கும் செட்டைக் கொண்டுபோனார்கள். மகன் உயிரோடிருக்கிறானா, தகப்பன் எந்த முகாமில் இருக்கிறார் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் போயிற்று.

அதே நாட்களில் இலங்கையில் விக்டர் குணதிலக என்ற மூத்த ஹாமும் அவருடைய நண்பர்களும் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கும் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். இவர்களைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒன்று புரிந்தது. சுனாமி அன்று இவர்கள் புதிதாக ஒன்றையும் செய்யவில்லை. முந்தின நாள் செய்ததையே செய்தார்கள். முந்தின நாள் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதுதான் எங்களுக்குக் கேள்வி.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று உங்களில் சிலர் தேநீர் நேரத்தில் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு கார் பேட்டரி, ஒரு செட், ஒரு செம்புக் கம்பி. இவ்வளவுதான். கையடக்கமான செட்டின் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். நடுவே மேடு இருந்தால் நின்றுவிடும். எங்கள் பூமி தட்டையாக இருப்பதால் மாடியில் ஏறி நின்றால் சில மைல் தூரம் பேசலாம். குருமலை மாதிரி உயரத்தில் ஒருவர் நின்று வாங்கிச் சொன்னால் இன்னும் தூரம். சிற்றலை அப்படியல்ல. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே செட்டிலிருந்து வரும் வயரை இணைத்து, இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்ட வேண்டும். அதை வெகு உயரத்தில் கட்டினால் அலை தூரதேசம் போகும். வேப்பமர உயரத்தில் தாழ்வாகக் கட்டினால், அலை நேரே மேலே போய், வானத்தின் உச்சியில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். பகல் நேரத்தில் மதுரை, நாகர்கோவில், ராமநாதபுரம் எல்லாம் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும். நடுவிலே டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், ரோடு வேண்டாம். ராத்திரியில் அந்த மண்டலம் மெலிந்துபோவதால் பக்கத்து ஊர் கேட்காமல் தூரத்து ஊர் கேட்கும் என்ற தொந்தரவு உண்டு. அப்போது இன்னும் நீளமான கம்பியும் தாழ்ந்த அலைவரிசையும் வேண்டும்.

கரிசலில் எங்களுக்கு ஒரு தனித் தொல்லை. இடிக்குப் பாதுகாப்பாக எர்த் கம்பி அடித்தால், சித்திரை வைகாசியில் மண் வெடித்துக் கம்பியை விட்டு விலகி நிற்கும். கம்பி காற்றில் நிற்பதும் ஒன்றுதான், எர்த் இல்லாததும் ஒன்றுதான். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே குடம் தூக்குகிற ஊரில் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றுகிற எங்களை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் ஜான் ஃப்ளின் என்று ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர் இருந்தார். எங்கள் கரிசலைப் போல எத்தனையோ மடங்கு பெரிய வறண்ட உள்நாடு அது. நூறு மைலுக்கு ஒரு பண்ணை வீடு. அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டருக்குச் சொல்லி அனுப்பவே பல நாள் ஆகும். ஃப்ளின்னுடைய முயற்சியால் 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தில் கிளான்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் டாக்டர் சேவை ஆரம்பமாயிற்று. விமானம் வந்துவிட்டது, டாக்டர் வந்துவிட்டார். ஆனால் வியாதி வந்திருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

அதற்கு வழி கண்டுபிடித்தவர் அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரெய்கர். அவரும் அமெச்சூர் லைசென்ஸ் வைத்திருந்த ஒரு ரேடியோப் பிரியர். பண்ணை வீடுகளில் கரண்ட் கிடையாது. கனத்த பேட்டரிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கஷ்டம். அதனால் சைக்கிள் பெடல் மாதிரி காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்குகிற ஒரு ரேடியோவைச் செய்தார். 1929-ல் அவை பண்ணைகளுக்குப் போயின. முதலில் வந்தவற்றில் டாக்டர் பக்கத்துப் பேச்சைக் காதால் கேட்கலாம். இங்கிருந்து மோர்ஸில்தான் பதில் அனுப்ப முடியும். பண்ணை வீட்டு அம்மாவுக்கு மோர்ஸ் எங்கே தெரியும்? ஆகவே டைப்ரைட்டர் மாதிரி எழுத்துப் பலகை ஒன்றைச் செய்து, எழுத்தை அழுத்தினால் அதுவே மோர்ஸாகப் போகும்படி அமைத்துக் கொடுத்தார். பெரிய டிரான்ஸ்மிட்டர் செய்தவர்களைவிட இந்த எழுத்துப் பலகையை யோசித்த மனுஷன்மேல் எங்களுக்கு மதிப்பு அதிகம். அவர் அந்த அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

2024 ஜனவரியிலிருந்து நாங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். ஞாயிறு சாயந்தரம் 5 மணிக்கு எல்லோரும் செட்டைப் போட வேண்டும். ஒருவர் தலைமை நிலையம். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசலாம். கரண்டில் ஓட்டக் கூடாது, பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். ஒரு கற்பனைச் செய்தியை எழுதி ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதிக்கொண்டு திரும்ப வாசிக்க வேண்டும். சுலபமாகத் தெரிகிறதல்லவா? முதல் மாதமே மானம் போயிற்று. "பாம்புக்கடி மருந்து ஆறு குப்பி வேண்டும்" என்பது பயிற்சிச் செய்தி. இரைச்சலில் அது இரண்டு கை மாறி "நூறு குப்பி" என்று போய்ச் சேர்ந்தது. ஆறும் நூறும் காதுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன பாருங்கள். சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நூறு ஆறாகப் போயிருந்தால்? இப்போது எந்த எண்ணையும் இரண்டு தடவை சொல்கிறோம், ஒரு தடவை எண்ணாகவும் மறு தடவை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டும். ரத்தப் பிரிவு சொல்லும்போது பி என்று சொல்வதில்லை. உலக வழக்கப்படி 'பிராவோ' என்று சொல்கிறோம். இரைச்சலில் பி-யும் டி-யும் ஈ-யும் ஒன்றாகவே கேட்கும். ரத்தத்தில் அந்தக் குழப்பம் கூடாது.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தார் தயவாக மொட்டைமாடியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஒரு கம்பி எப்போதும் கட்டியிருக்கும். சாதாரண நாளில் ஆஸ்பத்திரியின் காரியங்களுக்கு இந்த ரேடியோவைப் பயன்படுத்த விதி இடம் கொடுப்பதில்லை. இயற்கைச் சீற்றத்தில் மற்றவர்களுக்கான செய்தியை நாங்கள் அனுப்பலாம். ஆகவே கம்பி இங்கே இருக்கும், வெள்ளம் என்றால் லைசென்ஸ் உள்ளவர் செட்டோடு வந்து சேருவார்.

சென்ற கூடுகையில் ஒரு சகோதரர் அன்போடு, ஒவ்வொரு கிராமத்துச் சபைக்கும் ஒரு வாக்கி டாக்கி வாங்கித் தந்துவிடலாமே என்றார். அவருடைய மனதுக்கு நன்றி. ஆனால் எங்கள் அலைவரிசையில் பேசுகிற செட்டை லைசென்ஸ் இல்லாதவர் இயக்குவது சட்டப்படி குற்றம். பழக்கமில்லாதவர் கையில் கொடுத்தால் அது அலமாரிக்குள் போய்விடும், பேட்டரி வீங்கிவிடும். எங்களுடைய பேட்டரியின் கதையைத்தான் கேட்டீர்களே. எங்களுக்குப் பெட்டியைவிட ஆள்தான் தேவை. ஏரலில் ஒருவர், ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவர், விளாத்திகுளத்தில் ஒருவர், நாகலாபுரம் புதூர்ப் பக்கம் ஒருவர். பாலிடெக்னிக் படிக்கிற பையனாக இருக்கலாம், தையல் மெஷின் வைத்திருக்கிற அக்காவாக இருக்கலாம். பரீட்சைக்குச் சில மாதம் படிக்க வேண்டும். பரீட்சை எழுதிவிட்டு லைசென்ஸ் கைக்கு வருகிறவரை பொறுமையாகக் காத்திருக்கவும் வேண்டும். பாடத்தை நாங்கள் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கிறோம், கட்டணம் இல்லை.

பணமாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள், எங்களுக்கு வேண்டாம். பொருளாக என்றால் இரண்டு சோலார் தகடும், மாடிக்கு ஒரு நல்ல பேட்டரியும் போதும். தகட்டை எங்கே பொருத்துவது என்று வைண்டிங் கடைக்கார நண்பர் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்.

மாடிக்கதவுச் சாவி ஒன்றுதான் இருந்தது, அது வாட்ச்மேன் அண்ணாச்சி இடுப்பில் இருந்தது. இப்போது இரண்டாவது சாவி செய்து வெளிநோயாளர் பகுதியில் நர்ஸ் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறோம். கூட்டம் முடிந்து மாடிக்கு வந்து பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். மணி நாலே முக்கால் ஆகிறது. ஐந்துக்குச் செட்டைப் போட வேண்டும்.